கிணற்றில் இறங்கிய வைத்தியம்

அருள்செல்வி மனச்சோர்வுக்கு வைத்தியம் கண்டுபிடிக்கப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் குடியிருந்த தெரு கூடி நின்று சிரித்தது.

"பைத்தியம் பிடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போவாக, கேள்விப்பட்டிருக்கோம். இந்தப் பிள்ளை பைத்தியத்தைத் தேடிக்கிட்டு காலேஜுக்குல்லா போகுது!"

அவளுடைய அப்பா ஞானராஜ், மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் என்ன படிக்கிறாள் என்று கடைவீதியில் யாராவது கேட்டால் "சைக்காலஜி" என்பார்.

"அப்படின்னா என்ன சார்?"

"மனசைப் பத்தின படிப்பு."

"அதுக்கு எதுக்கு சார் பீஸ் கட்டணும்? எங்க வீட்டுக்காரிகூட ஒரு வாரம் இருந்தாப் போதுமே, அம்புட்டும் வெளங்கிருமே!"

கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சார் சிரிக்க மாட்டார். அவருக்கு அவருடைய வீட்டுக்காரி ஞாபகம் வந்துவிடும்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் இன்பம். பெயர் வைத்தவர்கள் உயிரோடு இருந்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டிருக்கலாம். அருள்செல்வி பள்ளிக்கூடம் போய்வந்த காலம் முழுக்க அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். டாக்டர் டானிக் கொடுத்தார். சபை ஐயர் ஜெபம் பண்ணினார். பக்கத்து வீட்டுக்காரி, "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று காசு வாங்காமல் சொல்லிவிட்டுப் போனாள். எதற்கும் அந்த நோய் கேட்கவில்லை. மகள் பி.ஏ. சேர்ந்த வருஷமே, அதே சுவரைப் பார்த்தபடி இன்பம் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் முகத்தைவிட முதுகுதான் அருள்செல்விக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த முதுகைத் திருப்ப ஒரு வழி இருந்திருக்க வேண்டும், அது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது என்பது அவள் எண்ணம். அதைத் தேடித்தான் எம்.ஏ.வும் படித்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும். அழுதால், "பார்த்தியா, ஒட்டிக்கிடுச்சி" என்று தெரு சொல்லும்.

உண்மையிலேயே அப்படி ஒரு பயம் ஊருக்கு இருந்தது. பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, காபியைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, அந்த மாதிரி ஆளுகளோட பழகுனா நோய் தொத்துமோ?"

"தொத்தும். உங்களுக்கு இப்பவே லேசாத் தெரியுது" என்றாள் அருள்செல்வி.

கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுபோனது. அதற்குப் பிறகு வர இருந்த மாப்பிள்ளைகளும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வராமல் போனார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. உளவியலுக்கென்று அங்கே தனித் துறை கிடையாது. மற்ற பாடங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் அரைப் பாடம். ஆசிரியர் அறையில் அவளுடைய நாற்காலியும் அப்படித்தான், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு இருந்தது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பாடம் நடத்திவிட்டுப் பஸ்ஸில் போனாள். அதோடு மதுரையில் பேராசிரியர் வைகுண்டராஜிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொண்டாள். மனசைப் பற்றி வைகுண்டராஜுக்கு நிறையத் தெரியும். பால்கோவாவைப் பற்றி அதைவிட அதிகம் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான மாணவி வெறுங்கையோடு வந்தால் அத்தியாயத்தில் பிழைகள் கூடிவிடும்.

ஆராய்ச்சி இதுதான். துக்கம் பிடித்தவர்கள் ஒவ்வொரு வேலையாக விட்டுவிடுகிறார்கள். விட விடத் துக்கம் கெட்டிப்படுகிறது. ஆகவே, பிடித்த காரியம் ஒன்றை, மாத்திரை கொடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தால் துக்கம் இளகும். வெளிநாட்டில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில், மில்லுக்குப் போகிற வீடுகளில், பெண்களிடம் இது பலிக்குமா? வீடு வீடாகப் போய், படுத்துக் கிடக்கிற பெண்களைத் தேடிப் பேசி, வாராவாரம் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டு, கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் யாருக்கும் வராத கஷ்டம் இங்கே முதல் கேள்வியிலேயே வந்தது.

"உங்களுக்குப் பிடிச்ச காரியம் என்ன?"

"எனக்கா?" என்று திரும்பிப் பார்த்தார்கள், பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்று. ஒருத்தி, "இவருக்கு ரசம் வச்சாப் பிடிக்கும்" என்றாள். "உங்களுக்கு?" என்றால் முழித்தாள். இன்னொருத்தி ரொம்ப யோசித்து, "எங்க மாமியா ஒரு வாரம் அவுக மக வீட்டுக்குப் போகணும்" என்றாள். அது வைத்தியத்தில் சேராது என்று அருள்செல்வி சொன்னபோது, "அப்ப உங்க வைத்தியத்துல என்னதான் இருக்கு?" என்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

கடைசியில் கோலம், பூக்கட்டு, ரேடியோ பாட்டு என்று ஏதோ தேறியது. அழகுத்தாயிடம் மட்டும் அதுகூடத் தேறவில்லை.

1985-ஆம் வருஷம். அழகுத்தாய்க்கு முப்பது வயதிருக்கும். சொந்த ஊர் தேவதானம். புருஷன் காளிராஜுக்குப் பஞ்சாலையில் வேலை. செல்லக்கனி என்று ஒரு பெண் பிள்ளை. அடுத்துப் பிறந்த ஆண் பிள்ளை பெயர் வைக்கும் முன்னாலேயே செத்துப்போனது. அன்றைக்குப் படுத்தவள்தான். அருள்செல்வி போனபோது மாமியார் மாரியாத்தாள் வாசலிலேயே மறித்தாள்.

"கவருமெண்டுல எதும் குடுக்காகளா?"

"இல்லம்மா, பேசிப் பாக்கத்தான் வந்தேன்."

"பேசவா? நாங்க பேசாததா? உள்ளதான் கிடக்கா. பேசிக்கோ."

உள்ளே போனாள். சுவரைப் பார்த்து ஒரு முதுகு கிடந்தது. அருள்செல்விக்கு அந்த முதுகைத் தெரியும்.

வாராவாரம் போய் அந்த முதுகோடு பேசினாள். ஆராய்ச்சி விதிப்படி ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கலாமோ, அதைவிடக் கூட இருந்தாள். ஒரு நாள், "சின்ன வயசுலயாவது எதும் பிடிச்சிருக்குமே அக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து புறப்படும்போது, சுவருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது.

"நீச்சல்."

அருள்செல்வி திரும்ப உட்கார்ந்தாள்.

"தேவதானத்துல எங்க தோட்டத்துக் கிணறு. மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்பேன். முங்குனேன்னா அடிமண்ணை அள்ளாம மேல வர மாட்டேன். பயலுக பந்தயம் கட்டித் தோத்துப்போயி அழுவானுக. சடங்கானதும் எங்கய்யா நிப்பாட்டிட்டாக."

"இங்க யாருக்கும் தெரியுமா?"

"மக கிணத்துல குதிப்பான்னு சொல்லியா பொண்ணு குடுப்பாக?" முதுகு திரும்பியது. முகத்தில் பாதி தெரிந்தது. "உங்களுக்குத் தெரியுமா டீச்சரு, நீச்சல்?"

"தெரியாது."

"பொறவு எப்படி எனக்குச் சொல்லித் தருவீக?"

"நான் சொல்லித்தர வேண்டாம். நீங்க போனாப் போதும்."

மதுரையில் வைகுண்டராஜ் பால்கோவா வாயோடு முகம் சுளித்தார். "எல்லாரும் கோலம், பூன்னு அடக்கமாச் சொல்லியிருக்காங்க. இது என்னம்மா, கிணறு?"

"அவங்களுக்குப் பிடிச்சது அதுதான் சார்."

"பிடிச்சாச் செய்யட்டும். எழுதும்போது உடற்பயிற்சின்னு போட்டுரு."

அப்படியே போட்டாள். அந்த ஒரு சொல் பின்னால் எவ்வளவு வசதியாக இருக்கப் போகிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஊருக்கு மேற்கே, மலைக்குப் போகிற பாதையில் ஒரு மாந்தோப்பு இருந்தது. அதில் படிவைத்த பெரிய கிணறு. தோப்பைப் பார்த்துக்கொள்கிற கருத்தப்பாண்டி மத்தியானம் சாப்பிடப் போனால், தூங்கி எழுந்துதான் வருவான். விறகு பொறுக்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அழகுத்தாய் வந்தாள். முதல் நாள் அருள்செல்வியும் கூட வந்து, கிணற்றை எட்டிப் பார்க்கவே பயந்து, ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையை மடித்து வைத்து, பாவாடையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, செருப்பை ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைத்தாள் அழகுத்தாய். பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல் குதித்தாள்.

சத்தம் அடங்கியது. ஆள் வரவில்லை. அருள்செல்வி படித்த படிப்பெல்லாம் தொண்டைக்கு வந்தது. அவள் கத்தப்போன நேரத்தில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை மேலே வந்து, வாயிலிருந்த தண்ணீரைக் கொப்புளித்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டியது. கை நிறையக் களிமண்.

"அள்ளிட்டேன் டீச்சரு!"

அன்றைக்கு அந்தக் கிணற்றுக்குள் கேட்ட சிரிப்பை எந்த மதிப்பெண்ணில் போடுவது என்று ஆராய்ச்சியில் வழி இல்லை.

கொஞ்ச நாளிலேயே அழகுத்தாய் தலை சீவினாள். மகளுக்குச் சடை பின்னிவிட்டாள். மாமியாரிடம் எதிர்வாய் பேச ஆரம்பித்தாள். குணமாகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மொத்த ஆராய்ச்சியிலும் இவளளவுக்கு யாரும் தேறவில்லை. அருள்செல்வி பஸ்ஸில் போகும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு அந்தப் பங்குனி மாதத்து மத்தியானம் வந்தது. கருத்தப்பாண்டிக்கு அன்றைக்கென்று வீட்டில் சோறு ஆகவில்லை. பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பினான். கிணற்று மேட்டில் மடித்த சேலை, பக்கத்தில் சேர்த்து வைத்த செருப்பு. கிணற்றுக்குள் ஆள் இல்லை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் பெண்கள் கிணற்றுக்கு இப்படிப் போவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"ஐயோ விழுந்துட்டாளே" என்று கத்திக்கொண்டே அவனும் குதித்தான். அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தவளின் முடி அவன் கையில் சிக்கியது. இழுத்தான். அவள் திமிறினாள். "விடுலே, நான் நீந்துதேன்" என்று அவள் கத்தியது, பாதி தண்ணீருக்குள்ளும் பாதி அவன் கத்தலுக்குள்ளும் போனது. இழுத்த இழுப்பில் அவள் நெற்றி கல்படியில் மோதியது. ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எந்த டீக்கடையிலும் கருத்தப்பாண்டியிடம் காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காளிராஜ் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றான். மாரியாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"இந்தப் பச்சைப்பிள்ளையை அநாதையாக்கப் பாத்தாளே! எங்க குடும்பத்து மேல கேஸ் வாங்கிக் குடுக்கப் பாத்தாளே!"

"நீந்தத்தான் போனேன்" என்றாள் அழகுத்தாய்.

"தலையில அடிபட்டு உளறுதா" என்றார்கள்.

தற்கொலை முயற்சி என்று வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஏட்டு ஒருவர் பேனாவும் காகிதமுமாக வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். "என்ன நடந்துச்சோ அதைச் சொல்லும்மா, பயப்படாத" என்றார்.

"டீச்சரு வரட்டும். டீச்சருக்குத் தெரியும்."

கல்லூரிக்கு ஆள் போய் அருள்செல்வியைக் கூட்டி வந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். "ஆமா, நான்தான் நீந்தச் சொன்னேன். இவங்க நீந்துறதை என் கண்ணால பார்த்திருக்கேன்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

ஆனால் அவள் படித்தவள். படித்த புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது: படுத்தே கிடக்கிற நோயாளிக்குச் சாகக்கூடத் தெம்பு இருக்காது, தேற ஆரம்பிக்கிறபோதுதான் தெம்பு வரும், ஆகவே தேறுகிற காலத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பக்கம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் அந்தப் பக்கம் அவள் கண்முன்னாலேயே வந்தது. ஒரு நாள் நீந்தினாள், சரி. இன்றைக்கும் நீந்தத்தான் போனாளா?

கட்டிலருகே குனிந்தாள். மெதுவாக, ரொம்ப அன்பாகத்தான் கேட்டாள்.

"அக்கா, எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லுங்க. நீந்தத்தானே போனீங்க?"

அழகுத்தாய் அவளைப் பார்த்தாள். தலையில் கட்டு, அதற்குக் கீழே இரண்டு கண். மாமியார் நம்பாததற்கு அந்தக் கண்கள் கலங்கவில்லை. புருஷன் நம்பாததற்கும் கலங்கவில்லை. இப்போது கலங்கி, உடனே காய்ந்தும்போயின.

"இல்ல" என்றாள். ஏட்டு பக்கம் திரும்பினாள். "சாகத்தான் போனேன். எழுதிக்கோங்க ஏட்டையா."

அருள்செல்வி வாயைத் திறந்தாள். நான்தான் சொன்னேன் என்று இப்போது சொன்னால், நீதான் தள்ளிவிட்டாயா என்று மாரியாத்தாள் கேட்பாள். அது மதுரைக்குப் போகும், கல்லூரிக்குப் போகும். திறந்த வாய்க்குள் டெட்டால் வாடைதான் போனது. வாயை மூடிக்கொண்டாள்.

அழகுத்தாய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏட்டு புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார். காளிராஜ் அவளைத் தேவதானத்தில் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். பிள்ளையைக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொருத்தியைக் கட்டினான்.

வைகுண்டராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, உடற்பயிற்சின்னுதான் போட்டிருக்கோம்" என்றார். ஆய்வேட்டில் ஒரே வரி எழுதச் சொன்னார். ஒருவர் தற்கொலை முயற்சி காரணமாக ஆய்விலிருந்து விலக்கப்பட்டார். முப்பது வயது, ஆலைத் தொழிலாளியின் மனைவி, சிசு மரணம், கிணறு. அழகுத்தாயை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் வைத்தியம் சுமாராகப் பலித்தது. பிஎச்.டி. கொடுக்க சுமார் போதும்.

அதற்குப் பிறகு டாக்டர் அருள்செல்விக்கு ஏறுமுகம்தான். கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள். மெட்ராசில் ஒரு கருத்தரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். பிடித்த காரியத்தைக் கொண்டு மனச்சோர்வைக் குணப்படுத்துவது எப்படி என்று ஆலோசகர்களுக்காக ஒரு கையேடு எழுதினாள். அதில் எச்சரிக்கை என்று கட்டம் கட்டி ஒரு விதி: கிணறு, குளம், மொட்டை மாடி சம்பந்தப்பட்ட காரியங்களை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கக் கூடாது. நல்ல விதி என்று எல்லோரும் பாராட்டினார்கள். அழகுத்தாயால் விஞ்ஞானத்துக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

தேவதானத்துக்குப் போக வேண்டும் என்று அவள் வருஷா வருஷம் நினைத்தாள். பஸ் அடிக்கடி உண்டு. ராஜபாளையத்திலிருந்து தூரமும் அதிகமில்லை. இந்த வசதிதான் அவளைப் போகவிடாமல் செய்தது. எப்போது வேண்டுமானாலும் போகலாமே.

1998-இல் முதல் வருஷம் சேர்ந்த ஒரு பெண், வகுப்பில் கேள்வியே கேட்காதவள், ஒரு நாள் ஆசிரியர் அறைக்கு வந்து பீரோ ஓரத்தில் நின்றாள்.

"மேடம், லைப்ரரியில உங்க தீசிஸ் படிச்சேன்."

அந்தக் கல்லூரி நூலகத்தில் அதை அதுவரை தொட்டது கரப்பான் மட்டும்தான். அருள்செல்விக்குச் சந்தோஷம். "இங்கிலீஷ் கஷ்டமா இருந்திருக்குமேம்மா?"

"டிக்ஷனரி வச்சுப் படிச்சேன். அதுல விலக்கப்பட்டாங்கன்னு ஒரு ஆள் வருது. அது எங்கம்மா. எங்கப்பா பேரு காளிராஜ்."

அருள்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். மாணவி வந்தால் பேராசிரியர் எழுந்து நிற்பது அந்த அறையில் வழக்கமில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

வராந்தாவுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். நீச்சல், களிமண், சிரிப்பு, செருப்பு, கருத்தப்பாண்டி. ஆஸ்பத்திரியில் தான் கேட்ட கேள்வியையும் சொன்னாள். பதின்மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு பீரியடுக்குள் முடிந்துவிட்டது.

செல்லக்கனி அழவில்லை. "சின்னப்பிள்ளையில ஒரு தடவை அம்மா ஸ்கூல் வாசலுக்கு வந்தா. உன்னையும் சேத்துக் கிணத்துக்கு இழுத்துட்டுப் போயிருவான்னு எங்க அப்பத்தா சொல்லி வச்சிருந்தாக. நான் கத்திக்கிட்டு ஓடிட்டேன்" என்றாள். பிறகு, "அன்னைக்கு நீந்தத்தான் போனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றாள்.

"அவங்க நீந்துறதை நான் பாத்திருக்கேன்மா."

"அது முதல் நாள். கடைசி நாள் நீங்க இல்லியே. நீந்துன ஆளு இன்னொரு நாள் சாகப் போயிருக்கலாம்ல?"

பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவதானத்துக்குப் போனார்கள். அன்றைக்குச் சபை ஆராதனைக்கு அருள்செல்வி போகவில்லை.

அழகுத்தாய் அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் தையல் தழும்பு. ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாங்க டீச்சரு. தலை நரைச்சிருச்சே."

"இது யாருன்னு தெரியுதா அக்கா?"

"எங்க மாமியா மூக்கை வச்சிருக்கா. தெரியாமலா?" என்றாள். கையிலிருந்த புளி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக் கிணறு தெரிந்தது. மேலே இரும்புக் கம்பி வலை போட்டு, பூட்டுத் தொங்கியது. அருள்செல்வி பார்ப்பதை அழகுத்தாய் பார்த்தாள்.

"எனக்குத்தான். எங்கண்ணன் போட்டது. நான் அந்தப் பக்கம் போனா, பிள்ளைக 'அத்தை போறா, அத்தை போறா'ன்னு சத்தம் போடணும். சொல்லிக் குடுத்திருக்காக. பாசம்." அவள் சிரித்தாள். "ஒரு நாள்கூட முங்கவிடலை, பாத்துக்கோங்க."

செல்லக்கனி அம்மாவுக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பேச யோசித்து வைத்திருப்பாள். வாயைத் திறந்தபோது ஒன்றுதான் வந்தது.

"நெசத்தைச் சொல்லும்மா. நீந்தத்தானே போன?"

அருள்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதே கேள்வி" என்றாள் அழகுத்தாய். "ராகம்கூட மாறலை. டீச்சருட்டப் படிக்கிற பிள்ளைன்னு தெரியுது." பிறகு மகளின் முகவாயைப் புளிப்பிசுக்குக் கையாலேயே பிடித்துத் தூக்கினாள். "ஆமா தாயி. நீந்தத்தான் போனேன். வீட்டுக்கு வந்து உனக்குத் தலைக்கு ஊத்தணும்னு வென்னி அடுப்புல வச்சிட்டுப் போனேன்."

"பொறவு ஏன் போலீஸ்ட்ட அப்படிச் சொன்ன?"

"நம்புற ஒரே ஆளு வரட்டும்னு காத்துக் கிடந்தேன். அவுகளும் வந்து கேள்வி கேட்டாக. அப்ப எல்லாருக்கும் எது வேணுமோ அதைக் குடுத்துட்டுப் போவோம்னு தோணிருச்சி." அருள்செல்வியைப் பார்க்காமலே சொன்னாள். "கோவம்தான். சாகப் போகலைன்னுகூட நிரூபிக்கணும்னா, என்ன பொழப்பு அது."

"சரிம்மா. நான் நம்புதேன்" என்றாள் செல்லக்கனி.

அழகுத்தாய் மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்ல பிள்ளை" என்றாள். கொட்டை எடுத்த புளியை ஒரு துணியில் உருட்டிக் கட்டி மகள் மடியில் வைத்தாள். மறுபடி வா என்று சொல்லவில்லை. வருவாளா என்று கேட்கவும் இல்லை.

திரும்பும்போது பஸ் சேத்தூரைத் தாண்டியது. பிறகு செல்லக்கனி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"மேடம், நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்மா."

"எப்ப இருந்து?"

ராஜபாளையம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் அருள்செல்வி நூலகத்துக்குப் போய்த் தன் ஆய்வேட்டை எடுத்தாள். அந்த வரியைத் தேடிப் பிடித்து, தற்கொலை முயற்சி என்பதைப் பேனாவால் அடித்தாள். ஓரத்தில் தமிழில், "நீந்தச் சென்றார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நூலகர் பரிபூரணம் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

"மேடம்! பிள்ளைகதான் கிறுக்குதுகன்னா, நீங்களுமா?"

"இது நான் எழுதினது பரிபூரணம்."

"எழுதினது நீங்க. புஸ்தகம் காலேஜுது."

அபராதம் கட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு வகுப்பில் செல்லக்கனி வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில், விடைத்தாள்களைத் திருத்தி முடித்த ஒரு நாள், மறுபடி போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மையில் அவள் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. கீழே வைக்க வேண்டிய புள்ளி இல்லை. செல்லக்கனியின் வகுப்பில் கேள்விக்குறிக்குப் புள்ளி வைக்காத பிள்ளை ஒன்றுதான். அதற்காகவே அருள்செல்வி விடைத்தாளில் இரண்டு தடவை சிவப்பு மையால் சுழித்திருக்கிறாள்.

பரிபூரணத்தின் மேஜையில் ரப்பர் இருந்தது. அருள்செல்வி அதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி அலமாரியில் சொருகினாள்.